மீன் குறைந்தால் விலை ஏறுகிறதே, மீனவருக்கு நஷ்டம் எங்கே?

கடலோரம் மாசுபடுவதும் அளவுக்கு மீறி மீன் பிடிப்பதும் மீனவர்களின் பிழைப்பை எப்படிப் பாதிக்கின்றன, வரத்து குறைந்தால் விலை ஏறித்தானே ஆகும், அப்புறம் வருமானம் எப்படிக் குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. சந்தையில் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்புகிற எவருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான்.

மீன் குறைவது கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற விளைவு. அதற்கு வெகுநாள் முன்பே வேறொன்று பறிபோகிறது. கரைக்கு அருகில், நடந்தோ துடுப்புப் போட்டோ போய், செலவே இல்லாமல் பிடிக்கக்கூடிய தண்ணீர் போய்விடுகிறது. அது போனபிறகு அதே மீனைப் பிடிக்க எஞ்சின், எண்ணெய், கடன் எல்லாம் தேவைப்படுகின்றன. விலை ஏறினாலும் அந்த ஏற்றம் பிடித்தவர் கைக்கு வந்து சேர்வதில்லை. மாசையும் அளவுமீறிய பிடிப்பையும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே ஒரு இறாலைப் பின்தொடர்ந்து போனாலே இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

வட சென்னையில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர் முகத்துவாரம். பக்கிங்காம் கால்வாய் இங்கே ஆற்றோடு கலக்கிறது. வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இந்தக் கழிமுகம்தான் வெள்ளை இறாலுக்குத் தொட்டில். தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறும்போது முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, சேற்றிலும் அலையாத்திச் செடிகளின் வேர்களுக்கிடையிலும் சில மாதங்கள் வளர்ந்து, பிறகு இனப்பெருக்கத்துக்காக மறுபடியும் கடலுக்கே போகும். அதாவது கழிமுகத்தில் ஒருவர் கையால் பிடிக்கும் இறாலும் கடலில் விசைப்படகு வாரிக்கொண்டு வரும் இறாலும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. உள்ளே வளரவிடாமல் செய்தால் வெளியே குறையும். வெளியே தாயை வாரி எடுத்துவிட்டால் உள்ளே குஞ்சு வராது.

இந்தக் கழிமுகத்தை நம்பி எண்ணூர்க் குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. இங்கே தொழில் செய்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சிலர் சிறு படகில் போய் வலை கட்டுவார்கள். சிலர் வீச்சு வலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார்கள். இருளர் சமூகத்தவர் பலருக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. ஆற்றுக்குள் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி, பதுங்கியிருக்கும் இறாலைப் பிடித்து, கூடவே கொண்டுபோகும் பறி என்ற சிறு கூடையில் போட்டுக்கொள்வார்கள். முதலீடு என்று பார்த்தால் உடம்பும் அந்தப் பறியும்தான். அன்றைக்குப் பிடித்தது அன்றைக்கு அடுப்புக்கும் அரிசிக்கும்.

வலை கட்டுபவர்களுக்கு பழவேற்காடு, எண்ணூர்ப் பகுதிகளில் பாடு முறை உண்டு. மீன் கிடைக்கும் நல்ல இடங்கள் எவை என்று ஊருக்குத் தெரியும். அந்த இடங்களில் யார், என்றைக்கு வலை கட்டுவது என்பதை ஊர் கூடி, சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்கு வேறு இடம். பலசாலிக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்று இல்லாமல், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழுந்து பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. மீன் வளத்தை எப்படி நிர்வகிப்பது என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவதில் பாதியை இந்த ஊர்கள் தலைமுறைகளாகச் செய்துவருகின்றன என்பது என் கருத்து.

சரி, இந்த ஆற்றுக்கு என்ன ஆனது? சுற்றிலும் அனல் மின் நிலையங்கள் வந்தன. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970களில் தொடங்கி 2017 வரை ஓடியது. வடசென்னை அனல் மின் நிலையம் 1990களில் வந்து, பிறகு பெரிதானது. அடுத்து வல்லூர். நிலக்கரியை எரித்தால் மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரோடு குழம்பாகக் கலந்து குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் பல வருடங்களாக உடைந்து ஒழுகி, சாம்பல் ஆற்றில் படிந்திருக்கிறது. சேறு இருந்த இடத்தில் சிமெண்டு பூசியது போலச் சாம்பல் தரை. இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும் உயிர். புதைய இடமில்லாத தரையில் அது தங்காது. ஆழமும் குறைந்துபோனதால், தண்ணீர் வற்றும் நேரத்தில் படகு தரை தட்டுகிறது. கையால் துழாவுபவர்களுக்குத் தோலில் அரிப்பும் புண்ணும்.

மின் நிலையங்கள் குளிர்விப்புக்கு எடுத்த தண்ணீரைச் சூடாகத் திருப்பி விடுகின்றன. சூடான தண்ணீரில் உயிர்வளி குறைவாகத்தான் தங்கும்; முட்டையும் குஞ்சும் அந்தச் சூட்டைத் தாங்காது. பெரிய மீன் ஒதுங்கிப் போய்விடும், குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீரை உறிஞ்சும்போதே கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் சேர்ந்து உள்ளே போய்விடுவது இன்னொரு இழப்பு. மணலியின் எண்ணெய், உர, ரசாயன ஆலைகளின் கழிவும் நகரத்தின் சாக்கடையும் பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து சேர்கின்றன. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், அதன் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். கழிமுகத்தின் ஓரங்கள் மண் கொட்டி மேடாக்கப்பட்டன. நீர் பரவ இடம் குறைந்தால் ஓதத்தின் வேகம் குறையும், முகத்துவாரத்தில் மணல் சேரும், குஞ்சு உள்ளே வரும் வாசல் சுருங்கும்.

இது போதாதென்று காக்கா ஆழி. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மட்டி இனம் இது. கப்பல்கள் ஆடாமல் நிற்க அடியில் நிரப்பிச் சுமந்துவரும் நீரோடு வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் ஆற்றின் அடியில் பாய் விரித்ததுபோலக் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு சேற்றை மூடிவிட்டது. மஞ்சள் ஆழி போன்ற உள்ளூர் மட்டிகளுக்கு இடமில்லை. இறால் புதைய வழியில்லை. கூர்மையான ஓடுகள் கையையும் காலையும் கிழிப்பதால் இருளர்கள் இறங்கவே தயங்கும் இடங்கள் உண்டு. தொழிற்சாலைப் புகையை எல்லோரும் பார்க்கிறார்கள். தண்ணீருக்கு அடியில் நடந்த இந்த ஆக்கிரமிப்பைப் பற்றி ஊருக்கு வெளியே பேசியவர்கள் மிகக் குறைவு.

இப்போது பாடு முறைக்குத் திரும்பி வாருங்கள். ஒரு ஊருக்கு ஆறு நல்ல இடங்கள் இருந்தன என்று வையுங்கள். இரண்டு சாம்பலில் மூடிப் போயின. அந்த இரண்டு இடத்துக் குடும்பங்களை ஊர் விரட்டிவிடாது. மிச்சமிருக்கும் நான்கு இடங்களிலேயே முறையைச் சுற்றும். எல்லோருக்கும் முறை வரும் நாள் தள்ளிப்போகும். ஒருநாள் வலையில் கிடைப்பது குறையாமலே இருந்தாலும் மாத வருமானம் குறைந்துவிடும். வேறு வழியில்லாமல் வலையின் கண்ணைச் சிறிதாக்குவார்கள், குஞ்சையும் சேர்த்துப் பிடிப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் "மீனவர்களே குஞ்சு மீனைப் பிடித்து அழிக்கிறார்கள்" என்று எழுதிவிட்டுப் போவார். மாசு எப்படி அளவுமீறிய பிடிப்பாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

விபத்துகளின் கதை தனி. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வாளியால் எண்ணெயை அள்ளிய படங்கள் உலகம் முழுவதும் போயின. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய்க்குள் வந்து கொசஸ்தலை ஆற்றை மூடியது. படகு, வலை, அலையாத்தி, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பு. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவில் ஓடினார்கள். ஒரே ஊரில், ஒரே மாதத்தில், இரண்டு.

எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு அரசு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாயும் அறிவித்தது. எண்ணெய் ஊறிய நைலான் வலையைத் துவைத்து மீட்க முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஆனால் வலையை விடப் பெரிய அடி சந்தையில் விழுந்தது. எண்ணூர் மீன் என்றாலே வாங்குபவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எண்ணெய் படாத ஆழத்தில் பிடித்த மீனுக்கும் அதே கதிதான். உங்கள் கேள்விக்கான முதல் நேரடி பதில் இங்கே இருக்கிறது: மாசால் வரத்து குறையும்போது அந்த ஊர் மீனுக்கு விலை ஏறாது, இறங்கும். தட்டுப்பாட்டின் லாபம் வேறு ஊர் மீனுக்குப் போகும்.

இறால் விலையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2009-க்குப் பிறகு இந்தியாவில் வனாமி என்ற வெளிநாட்டு இறாலைப் பண்ணையில் வளர்ப்பது அனுமதிக்கப்பட்டு, ஆந்திரக் கரையில் பெருகியது. இன்று சந்தையில் இறாலுக்கு விலை வைப்பது அந்தப் பண்ணைகள்தான். ஆற்று இறாலின் ருசி தெரிந்து கூடுதலாகக் கொடுப்பவர்கள் உண்டு, ஆனால் கொஞ்சம் பேர். மீனும் அப்படித்தான்: கேரளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் லாரியில் ஐஸ் பெட்டி வந்து நிற்கும்போது, ஒரு குப்பத்தில் மீன்பாடு இல்லை என்பதால் நகரத்தில் விலை ஏறுவதில்லை.

ஆறு கைவிட்டவர்கள் என்ன செய்வார்கள்? இயன்றவர்கள் ஃபைபர் படகும் எஞ்சினும் வாங்கிக் கடலுக்குப் போவார்கள். பணம் எங்கிருந்து வரும்? வங்கி கொடுப்பது அரிது. மீன் ஏலம் எடுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். அந்தப் பணத்துக்கு வட்டி என்று தனியாக எழுதமாட்டார்கள். பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும், கமிஷன் கழித்துத்தான் காசு. சந்தையில் விலை ஏறினால் யாருக்கு ஏறுகிறது என்பதை இந்த ஒரு ஏற்பாடே முடிவு செய்துவிடும்.

அதன் மேல் பங்கு முறை. படகு கரைக்கு வந்ததும் மொத்த விற்பனையில் முதலில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் பங்கு, பிறகு ஆளுக்கு ஒரு பங்கு. மீன் பக்கத்தில் கிடைத்த காலத்தில் செலவு கொஞ்சம், பங்கு நிறைய. மீன் தள்ளிப் போகப் போக எண்ணெய்ச் செலவு ஏறும், அதைக் கழித்தபின் பங்கு போட ஒன்றும் மிஞ்சாத நாட்கள் வரும். விற்றது 10,000 ரூபாய், செலவு 9,000 ரூபாய் என்றால் சந்தைக் கணக்கில் அது நல்ல நாள். வலை இழுத்தவர் வீட்டில் அது பட்டினி நாள். மீன் விலை கொஞ்சம் ஏறி, எண்ணெய் விலையும் போகும் தூரமும் அதைவிட அதிகமாக ஏறினால், விலை ஏற்றத்தால் என்ன பயன்?

இனி கடலுக்குள் போவோம். ஆற்றிலிருந்து துரத்தப்பட்டவர் போய்ச் சேரும் கரைக்கடலில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள்? இழுவை மடி போடும் விசைப்படகுகள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது அதன் முக்கியமான விதி. அந்த 3 மைல் நாட்டுப் படகுக்காரர்களின் தண்ணீர். விதி காகிதத்தில் இருக்கிறது. கடலில் அதைக் காவல் காக்க ஆளும் படகும் போதவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிடக் கரைக்கு வரும் ஆமை இழுவை மடியில் சிக்கினால், மேலே வந்து மூச்சு விட முடியாமல் இறக்கும். எங்கே இழுத்தார்கள் என்பதற்கு அந்த ஆமைகளைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இழுவை மடி ஏன் இவ்வளவு சேதம் செய்கிறது? பை போன்ற வலையைக் கடலின் தரையோடு சேர்த்து இழுக்கிறார்கள். தேவையானது இறால். வருவதோ தரையில் இருந்த எல்லாம்: குஞ்சு மீன், நண்டுக் குஞ்சு, பாசி, சங்கு, நட்சத்திர மீன். 1950களில் கேரளத்தில் நார்வே நாட்டு உதவியோடு தொடங்கிய நவீனமயமாக்கலும், 1960களில் ஏற்றுமதி இறாலுக்குக் கிடைத்த விலையும் இந்த முறையை இந்தியக் கரை முழுக்கக் கொண்டு சேர்த்தன. அரசு மானியம் கொடுத்து வளர்த்த தொழில் இது என்பதை மறந்துவிட்டு விசைப்படகுக்காரர்களை மட்டும் குற்றவாளியாக்குவது சரியல்ல.

முன்பு குஞ்சு மீனைக் கடலிலேயே தள்ளிவிடுவார்கள். இப்போது ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்று சொல்லும் அந்தக் கழிவு மீனுக்கும் விலை உண்டு. கோழித் தீவனத்துக்கும் மீன் தூள் ஆலைக்கும் போகிறது. நல்ல மீன் குறைந்த நாளிலும் சங்காயம் எண்ணெய்ச் செலவையாவது ஈடுகட்டும் என்பதால் படகு போகிறது. நாளைக்குப் பெரிதாகிக் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போக வேண்டிய மீன், இன்றைக்குச் சில ரூபாய்க்குத் தீவனமாகிறது. மடியின் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. கேரளம் ஒருபடி மேலே போய், எந்த மீனை எந்த நீளத்துக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று பல இனங்களுக்குச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டிலும் அது வர வேண்டும். ஆனால் சோதனையைத் தெருவில் கூடை வைத்து விற்கும் பெண்ணிடமிருந்து தொடங்காமல், மீன் தூள் ஆலையின் வாசலிலிருந்து தொடங்க வேண்டும்.

அளவுமீறிய பிடிப்பு மனிதர்களை என்ன செய்யும் என்பதற்குப் பாக் நீரிணையை விடக் கசப்பான உதாரணம் இல்லை. அது ஆழமில்லாத கடல். பெரும்பகுதி 10 மீட்டர் ஆழம்கூட இருக்காது. அடியில் கடல்புல் படுகைகள். ராமேஸ்வரத்திலிருந்து 3 மைல் தள்ளித்தான் விசைப்படகு மடி போடலாம். அங்கிருந்து இன்னும் சில மைல் போனால் 1974-இல் வரையப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லைக் கோடு வந்துவிடும். அந்த இடுக்கில் இத்தனை படகுகள் இழுக்க முடியாது. அதனால்தான் விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப் படகுக்குச் சில நாள் என்று முறை வைத்தார்கள். இருந்தும் தரை வழிக்கப்பட்டுவிட்டது.

இலங்கையில் போர் நடந்த காலத்தில் வடக்கு மாகாணத் தமிழ் மீனவர்களுக்குக் கடலுக்குப் போகவே கடும் தடைகள் இருந்தன. அந்த வெற்றிடத்தில் தமிழகப் படகுகள் அங்கே போய்ப் பழகின. 2009-இல் போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்து, கடன் வாங்கி வலை வாங்கிப் போட்டால், இரவில் வரும் இழுவை மடி அந்த வலையை அறுத்துக்கொண்டு போகிறது. 2017-இல் இலங்கை இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. 2024-இல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானார்கள். கைதாகிறவர்களில் பெரும்பாலோர் பங்குக்கும் கூலிக்கும் போனவர்கள். சிறையில் கழியும் வாரங்களில் வீட்டில் வருமானம் இல்லை, மனைவி நகையை அடகு வைத்து வழக்குக்கும் சாப்பாட்டுக்கும் பார்க்கிறார். இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைச் சுட்டுக் கொல்வதையும் அடிப்பதையும் யாரும் நியாயப்படுத்த முடியாது. அதே நேரம், அக்கரையில் வலை இழந்து நிற்பவரும் தமிழ் மீனவர்தான் என்பதை நம் மேடைகளில் சொல்பவர்கள் குறைவாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

2010-இலும் 2014-இலும் இரு கரை மீனவப் பிரதிநிதிகள் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். இழுவை மடியை விட்டுவிடுகிறோம், அவகாசம் கொடுங்கள் என்பதுதான் தமிழகத் தரப்பின் பேச்சு. அதற்காக 2017-இல் ஒரு திட்டம் வந்தது: 80 லட்சம் ரூபாய் ஆழ்கடல் சூரைப் படகு, பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் சொந்தப் பணம். இலக்கு 2,000 படகுகள். கட்டப்பட்டவை அதில் சிறு பகுதிதான். ஒரு ராத்திரி போய்க் காலையில் திரும்பிப் பழகியவர்களை வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி நீளக் கயிற்றில் நிறைய முள் கட்டிய ஆயிரம் பல்லுத் தூண்டில் போடச் சொல்வது, வேறு தொழிலைக் கற்கச் சொல்வதற்குச் சமம். பயிற்சியும் ஐஸ் வசதியும் சூரைக்கு நிச்சயமான விலையும் இல்லாமல் படகை மட்டும் கொடுத்தால் அது கடனாகத்தான் கரையில் நிற்கும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. படகு ஊர்க் கரையில் ஏறினால், ஊர்ப் பெண்கள் சிறு கூறாக எடுத்துத் தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்பார்கள், மிஞ்சியதை உப்புப் போட்டுக் கருவாடாக்குவார்கள். மீன் பிடிப்பு பெரிய படகுக்கு மாறியதும் ஏலம் காசிமேடு போன்ற பெரிய துறைமுகத்துக்குப் போய்விட்டது. அங்கே கூடை கூடையாக, பெட்டி பெட்டியாகத்தான் ஏலம். நான்கைந்து பெண்கள் சேர்ந்து, கந்துவட்டிக்குக் காலையில் வாங்கி, மாலையில் திருப்பிக் கட்ட வேண்டும். ஒருநாள் மீன் விற்காமல் போனால் மறுநாள் முதல் இல்லை. மீன் விலை ஏறுவது இவர்களுக்கு நேரடி நஷ்டம், ஏனென்றால் இவர்கள் வாங்கி விற்பவர்கள். பேரம் பேசும் வாடிக்கையாளர் அந்த ஏற்றத்தைக் கொடுப்பதில்லை.

எல்லாப் பழியையும் மாசிலும் மடியிலும் போடவும் கூடாது. கேரளத்தில் மத்தி 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்டது. 2021-இல் 4,000 டன்னைக்கூட எட்டவில்லை. குஞ்சு பிடித்தது ஒரு காரணம் என்றாலும், கடல் வெப்பமும் மழையின் போக்கும் மாறியதற்கு அதில் பெரிய பங்குண்டு. ஆனால் அப்படி இயற்கையாக வரும் சரிவைத் தாங்க மீனவருக்கு எப்போதும் ஒரு மாற்று இருந்தது: கடல் மோசமானால் ஆறு, ஆறு மோசமானால் கடல். எண்ணூரில் அந்த மாற்றைத்தான் சாம்பலில் மூடிவிட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகள் நிற்கும். குடும்பத்துக்கு இப்போது 8,000 ரூபாய் நிவாரணம். இரண்டு மாதத்துக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முன்பெல்லாம் இந்த மாதங்களில் கழிமுகம் சோறு போட்டது.

2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எண்ணூரில் படிந்த சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்க உத்தரவிட்டது. வேலை ஊர்ந்துகொண்டிருக்க, 2024-இல் அதே பகுதியில் 800 மெகாவாட் அலகு ஒன்று புதிதாகத் திறக்கப்பட்டது. முதலில் சாம்பல் குழாய்களை மாற்றி, ஆற்றடியைத் தூர்வாரி, காக்கா ஆழியை அகற்றி, முகத்துவாரத்தைத் திறந்து வைத்தால் இறால் திரும்பி வரும். கடலில் தாய் இறால் இன்னும் இருக்கிறது. அதற்குத் தேவை வழியும் சேறும்தான்.

அதுவரை கொடுக்கும் நிவாரணமாவது சரியான கைக்குப் போக வேண்டும். இப்போது பட்டியல் எடுக்க வருபவர்கள் படகின் பதிவு எண்ணையும் சங்க அட்டையையும் கேட்கிறார்கள். கையால் இறால் பிடிப்பவருக்குப் பதிவு எண் கிடையாது, கூடை சுமக்கும் பெண்ணுக்கு வலை கிடையாது, எனவே இழப்பும் இல்லை என்றாகிவிடுகிறது. ஆற்றில் பிடித்துத் தெருவில் விற்ற இறால் எந்தத் துறைமுகக் கணக்கிலும் ஏறாது. ஆனால் பாடு முறை உள்ள ஊரில் எந்த இடம், எந்த நாள், யாருடைய முறை என்பது ஊருக்கே தெரியும். எத்தனை முறை வீணானது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். இருளர் குடியிருப்புகளிலும் விற்பனைப் பெண்களிடமும் அதேபோல ஒரு நாளைய சராசரியைக் கேட்டு எழுதலாம். இழப்பீட்டை முடிவு செய்யும் குழுக்கள் அதிகாரிகளின் பட்டியலோடு இந்தக் கணக்கையும் மேசையில் வைக்க வேண்டும் என்று கேட்பதுதான் இப்போதைக்கு நடக்கக்கூடிய காரியம்.